முதல் முறையா கார் பிரேக் பேடு மாத்தப் போறீங்களா? கஷ்டமான இடம் ஸ்பேனர் வேலை இல்ல பாஸ்!

சாயங்காலம் ஆறு மணிக்கு திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து பாளையங்கோட்டைக்கு சுலோச்சனா முதலியார் பாலம் வழியாக கார் ஓட்டிப் பாருங்கள். 1843-ல் திறந்த பாலம். அன்றைக்கு மாட்டுவண்டி போன வேகத்தில்தான் இன்றைக்கும் போக முடியும். கீழே தாமிரபரணி, முன்னால் டவுன் பஸ், நிமிஷத்துக்கு நாலு தடவை பிரேக்கில் கால். அப்போது முன்சக்கரத்தில் இருந்து 'கீஈஈச்'னு ஒரு சத்தம் வந்து, பக்கத்தில் பைக்கில் போகிறவர் திரும்பிப் பார்த்தால் சங்கடப்பட வேண்டாம். உங்கள் பிரேக் பேடு உங்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் பழுது இல்லை. நிறைய பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன ஸ்டீல் தகடு வைத்திருப்பார்கள். பேடில் உராயும் பகுதி புதுசில் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அது தேய்ந்து தேய்ந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் இந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். 'மாத்துடே'ன்னு அர்த்தம். அதையும் மதிக்காமல் பாட்டை சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினால் அடுத்து வருவது 'கரகர'. இரும்போடு இரும்பு. அதற்குப் பிறகு பேடு மட்டும் போதாது, டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறீர்கள், ஒரு தொகை சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து போனில் நாலு வீடியோ பார்க்கிறீர்கள். 'இவ்வளவுதானா, நாமளே மாத்திடலாமே'ன்னு தோன்றுகிறது. மாற்றலாம். சத்தியமாக மாற்றலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த வீடியோக்கள் பதினைந்து நிமிஷம் போல்ட் கழற்றுவதைக் காட்டிவிட்டு, உயிர் போகிற ஒரு விஷயத்தைக் கடைசி ஐந்து விநாடியில் சொல்லிவிட்டுப் போகின்றன. அதை எங்கே வைத்துச் சொல்ல வேண்டுமோ அங்கே வைத்து நான் சொல்கிறேன்.

பிரேக்குன்னா சூடு

பிரேக் மிதித்தால் வண்டி நிற்கிறது. சரி, வண்டியில் இருந்த வேகம் எங்கே போனது? சூடாக மாறி டிஸ்க்குக்குள் போனது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சின்ன காரை 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து ஒரு தடவை நிறுத்தினால் வரும் சூட்டில், கிட்டத்தட்ட அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு தடவையும்!

இப்போது மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறும் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அதே ஆயிரம் கிலோ காரை ஆயிரம் மீட்டர் கீழே இறக்கும்போது மொத்தச் சுமையையும் பிரேக்கே தாங்கினால், இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதனால்தான் 'ஏறின கியர்லயே இறங்கு'ன்னு மலைப்பாதை டிரைவர்கள் சொல்வார்கள். இன்ஜின் பாதிச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

இந்தச் சூட்டை வெளியே விடுவதில்தான் டிஸ்க் பிரேக் ஜெயித்தது. டிரம் பிரேக்கில் எல்லாம் மூடிய பானைக்குள் நடக்கும். டிஸ்க் வெளியே காற்றில் சுற்றும். ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1902-லேயே இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது, 1953-ல் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் சி-டைப் கார் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஜெயித்த பிறகுதான். நம் ஊர் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், வேலையில் பெரும்பகுதி முன் சக்கரங்களுக்குத்தான். நாம் மாற்றப்போவதும் அதைத்தான்.

யார் தொடக் கூடாது?

வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கும் காரா? விடுங்கள், கம்பெனி சர்வீஸிலேயே போகட்டும். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் மாதிரி கசிவு, பிரேக் வார்னிங் லைட், பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது - இதில் எது இருந்தாலும் கோளாறு பேடில் இல்லை, மெக்கானிக்கிடம் போங்கள். பட்டனைத் தட்டினால் ஹேண்ட் பிரேக் விழும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், பின்பக்க டிஸ்க்கை முதல் முறைக்காரர்கள் தொடவே வேண்டாம். வீட்டு வாசல் சரிவாக இருக்கிறதா? அதுவும் வேண்டாம். சமதளமான சிமென்ட் தரையோ கெட்டியான தரையோ இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் ஆற்றுத் தண்ணீருக்குள் நின்ற வண்டி உங்களுடையது என்றால் தனியாக ஒரு வார்த்தை. டிஸ்க் மேல் படியும் மெல்லிய துரு பிரச்னை இல்லை, நாலு தடவை பிரேக் போட்டால் போய்விடும். பிரச்னை காலிப்பருக்குள் இருக்கும் ஸ்லைடு பின். பேடு இரண்டும் டிஸ்க்கை சமமாகப் பிடிக்க, காலிப்பர் இந்தப் பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். சேறு புகுந்து பின் இறுகிப்போனால் உள்பக்க பேடு மட்டும் தேய்ந்து தீரும், வெளிப்பக்க பேடு புதுசு மாதிரியே இருக்கும். போன் டார்ச்சை அடித்து சக்கர இடுக்கு வழியாகப் பார்ப்பவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் வெளிப்பக்கம்தான். 'பேடு நல்லாத்தான இருக்கு'ன்னு ஏமாறுவது இப்படித்தான்.

டிஸ்க்கும் சேர்த்தா, பேடு மட்டுமா?

டிஸ்க்கின் மேலேயே அதன் குறைந்தபட்ச தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெர்னியரை அப்படியே வைத்து அளந்தால் தப்பான கணக்கு வரும், ஏனென்றால் தேயாத வெளி விளிம்பு மேடாக நிற்கும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை வைத்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, பிரேக் போடும்போது ஸ்டீயரிங் உதறினாலோ டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும். லேத்தில் கொடுத்து சீவி வாங்குவதும் நம் ஊரில் வழக்கம்தான். சீவிய பிறகும் அந்தக் குறைந்தபட்ச தடிமனுக்கு மேல் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், ரொம்பத் தேய்ந்த டிஸ்க்கை சீவுவதைவிடப் புதுசு வாங்குவது நல்லது.

எது மாற்றினாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கடைக்குப் போகும்போது 'என் கார் மாடல் இது'ன்னு மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பேடு மாறும். ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் காட்டுங்கள். கார் கம்பெனி ஸ்பேர் அல்லது பெயர் தெரிந்த பிரேக் கம்பெனி, இரண்டில் ஒன்று. பெட்டி இல்லாமல் பேப்பரில் சுற்றித் தருவதை வாங்க வேண்டாம். இங்கே ஒரு ஊர்ப் பெருமையும் உண்டு. இந்திய வண்டிகளுக்கு பிரேக் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான பிரேக்ஸ் இந்தியா, 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. அந்த டிவிஎஸ்ஸின் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர், நம்ம திருக்குறுங்குடி!

சனிக்கிழமை காலை, ஞாயிறு அல்ல

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடிப்பார்கள். போல்ட் ஒன்று மரை கழன்றால் அன்றைக்கு ஸ்பேர் கடை இருக்காது, கார் சக்கரம் இல்லாமல் நிற்கும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், நிழலில் ஆரம்பியுங்கள். கடைக்கு ஓட ஒரு பைக்கோ சைக்கிளோ கைவசம் இருக்கட்டும். கை பழகியவர்களுக்கு இது ஒன்றரை மணி நேர வேலை. எனக்கு முதல் தடவை ஐந்து மணி நேரம் ஆனது.

ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் செட், டார்க் ரென்ச், ஜி கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், கட்டுக்கம்பி கொஞ்சம், கிளவுஸ், மாஸ்க். இவ்வளவும் வேண்டும். ஜி கிளாம்ப்பைத் தெருவில் மரவேலை செய்யும் ஆசாரியிடம் கேட்டாலே கிடைக்கும். ஜாக் ஸ்டாண்டை மட்டும் காசு போட்டு வாங்குங்கள். அதற்குப் பதிலாக ஹாலோ பிளாக்கை அடுக்கி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹாலோ பிளாக் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடையாது. ஒரே நொடியில் பொடியாகும்.

ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், முதல் கியரில் போடுங்கள், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் கூடவே சுற்றும். அப்புறம் ஜாக், அப்புறம் ஸ்டாண்ட். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கார் புத்தகத்தில் படம் இருக்கும். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அதன் மேல்தான் விழும், உங்கள் கை மேல் இல்லை. வீட்டில் குட்டீஸ் இருந்தால் கார் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். காலிப்பர் கழன்று கிடக்கும்போது யாராவது உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். 'இந்த கிளிப் மேலயா, கீழயா'ன்னு குழம்பும்போது, பிரிக்காத மறுபக்கம்தான் உங்கள் கைடு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி கை அழுக்காகும்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பினால் காலிப்பரின் பின்பக்க போல்ட்டுகள் கைக்கு வரும். அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் கையோடு வந்துவிடும். வந்ததும் அதைத் தொங்கவிடாதீர்கள்! அதன் பாரம் முழுக்க ரப்பர் ஹோஸில் விழும். கட்டுக்கம்பியை வளைத்து மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் மாட்டிவிடுங்கள். அந்த ஹோஸ் எங்கே இணைகிறதோ அந்த நட்டைத் தொடவே கூடாது. அதைத் திறக்காத வரை சிஸ்டத்துக்குள் காற்று போகாது. திறந்துவிட்டால் காற்று எடுக்கிற தனி வேலை வரும், அது முதல் முறைக்கானது இல்லை.

பழைய பேடை உருவி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்மானம் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் மேலே சொன்ன ஸ்லைடு பின்னைப் பாருங்கள். துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவியதும் விரலால் தள்ள நகர வேண்டும். அடுப்படி எண்ணெயோ வீல் பேரிங் கிரீஸோ வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும். அங்கே படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஸ்பிரே அடித்து நனைத்துத் துடையுங்கள்.

டிஸ்க்கை மாற்றுவதாக இருந்தால் பேடுகளைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டும். அந்த போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும், முழு பலம் போட வேண்டும், வண்டி ஆடும். ஸ்டாண்ட் எதற்கு என்று அப்போது புரியும். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வராது. நிறைய டிஸ்க்குகளில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அதில் சரியான அளவு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாக நகர்ந்து வெளியே வரும். அதன் பின்னால் இருக்கும் ஹப்பின் முகத்தை வயர் பிரஷ் போட்டு இரும்பு தெரியும் வரை தேயுங்கள். பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை. அங்கே ஒரு துருத் துணுக்கு மிச்சம் இருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, புதுசு போட்ட பிறகும் ஸ்டீயரிங் உதறும். 'மட்டமான டிஸ்க்கு'ன்னு கடைக்காரரைத் திட்டுவோம், தப்பு நம்முடையதாக இருக்கும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது பிஸ்டன். புது பேடு தடிமனானது, அதற்கு இடம் வேண்டுமே? பழைய பேடை பிஸ்டனுக்கு எதிரே வைத்து, ஜி கிளாம்ப்பால் பைய முறுக்கி உள்ளே தள்ளுங்கள். பானெட்டைத் திறந்து பிரேக் ஃப்ளூயிட் டப்பாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக அங்கே மட்டம் ஏறும். வழிந்து பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அந்த ஃப்ளூயிட் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் மாற்றச் சொல்லுங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம் அது. டாட் 4 ஃப்ளூயிட் புதுசில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மலை இறக்கத்தில் பெடல் காலுக்குக் கீழே காணாமல் போகும்.

புது பேடை மாட்டி, காலிப்பரைப் பூட்டி, போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் கார் புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். வீல் நட்டுகள் சின்ன கார்களில் பெரும்பாலும் 85-ல் இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டுகளைக் குறுக்குமறுக்காக, சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு முறுக்க வேண்டும்.

வண்டியை எடுக்காதீங்க!

எல்லாம் முடிந்தது. கை கறுப்பு, முதுகு வலி, மனசில் ஒரு கெத்து. முதல் தடவை நான் இந்த இடத்தில்தான் நின்றேன். கேட்டைத் திறந்து, கல்லை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் போட்டேன். வாசலில் தெருவைப் பார்த்து லேசான சரிவு. பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒரு ஆச்சி கோலத்துக்குப் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்த வேகத்தில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. கார் கோலத்தைத் தாண்டவில்லை.

நடந்தது இதுதான். கிளாம்ப் வைத்து பிஸ்டனை நாம் உள்ளே தள்ளிவிட்டோம். பேடுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி. முதல் சில மிதிகளில் போகும் ஃப்ளூயிட் அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகிவிடும், டிஸ்க்கைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன்பே, நின்ற இடத்தில், பெடல் கல் மாதிரி கெட்டியாகும் வரை பைய மிதித்து மிதித்து விடுங்கள். பத்து தடவையோ பதினைந்து தடவையோ. பிறகு ஃப்ளூயிட் மட்டத்தைப் பாருங்கள். அதற்கு அப்புறம் சாவி. பெடல் கெட்டியே ஆகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அடுத்த தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் மறுநாள் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "தம்பி, பேட மாத்துறது ஒரு சோலியே இல்ல. மாத்துன பொறவு பத்து நிமிசம் வண்டிய எடுக்காம இருக்கதுதான் சோலி. ஒரு டீய குடிச்சிட்டு வந்து பெடல மிதிச்சுப் பாத்தீயளா?" என்றார். இப்போது நான் கார் சாவியில் ஒரு துணி நாடாவைக் கட்டி, 'பெடல்' என்று பேனாவால் எழுதி மாட்டிவிட்டுத்தான் முதல் நட்டையே தொடுகிறேன். நீங்களும் செய்யுங்கள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

முதல் ஓட்டம் தெருவுக்குள், பத்து கிலோமீட்டர் வேகத்தில், நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்து. அப்புறம் விடிகாலையில் ஆள் நடமாட்டமும் பின்னால் வண்டியும் இல்லாத ரோட்டில் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். நான்கு வழிச் சாலை இதற்கு ஆகாது, பின்னால் லாரி வரும். 50 வேகத்துக்குப் போய், முழுக்க நிறுத்தாமல் 10 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படி எட்டுப் பத்து தடவை. பிறகு பிரேக்கே போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். லேசாக ஒரு கருகல் வாசம் வரலாம், பயப்பட வேண்டாம். புகை வந்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத அளவுக்குக் கொதித்தாலோ பின் இறுகியிருக்கிறது, திரும்பக் கழற்றிப் பாருங்கள்.

முதல் 300 கிலோமீட்டர் வரை சடன் பிரேக் போடும்படி ஓட்டாதீர்கள். அம்மாவைப் பாபநாசம் கோயிலுக்கும் அப்படியே மேலே காரையாறுக்கும் கூட்டிப் போகும் திட்டம் இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு தடவை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். பழைய பேடுகளில் ஒன்றை மட்டும் தூக்கிப் போடாமல் டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை பிஸ்டனைத் தள்ள அதுதான் தேவைப்படும்.